சூடில்லாத கேத்தோடு

அப்பாவுக்கு மேற்குத் தாம்பரத்தில் டி.வி. ரிப்பேர் கடை. பழைய பிக்சர் டியூப் செட் வந்தால் பின்மூடியைக் கழற்றி, முதலில் டியூப்பின் கழுத்தைத்தான் பார்ப்பார். "ஹீட்டரே எரியலேன்னா படம் எங்கேடா வரும்?" அவர் சொன்னது எனக்கு வேதவாக்கு.

அந்தத் தைரியத்தில்தான் நண்பர்களே, மைக்ரோவேவ் வைவாவில், "சூடு இல்லாம கேத்தோடுலேர்ந்து எலெக்ட்ரான் வராது சார்" என்று அடித்துச் சொன்னேன். எக்ஸ்டர்னல் சிரித்தார். "ஃபவுலரும் நார்டைமும் 1928-லேயே கணக்குப் போட்டுட்டாங்களேப்பா!" மார்க் போனது போனதுதான்.

ரோஷத்தோடு லைப்ரரிக்குப் போனேன். கூரான முனையில் மின்புலம் குவியும். நானோமீட்டருக்குச் சில வோல்ட் என்ற அளவு வந்துவிட்டால் எலெக்ட்ரான் சுவர் ஏறிக் குதிப்பதில்லை, சுவருக்குள் புகுந்தே வெளியே வந்துவிடுகிறது! 1968-ல் அமெரிக்காவில் ஸ்பிண்ட் என்பவர் மைக்ரான் அளவு மாலிப்டினம் கூம்புகளைச் செய்து காட்டினார். ராடார், சாட்டிலைட்டுக்கான டிராவலிங் வேவ் டியூப்பில் இதை வைத்தால் ஹீட்டர் கரண்ட் மிச்சம், ஸ்விட்ச் போட்டதும் வேலை, டியூப்பும் சின்னதாகும்.

ஆனால் டியூப்புக்குள் மிஞ்சும் வாயு அயனியாகி முனையைத் தாக்கி மழுங்கடிக்கிறது. ஒரு கூம்பு வெடித்தால் பக்கத்துக் கூம்புகளுக்கும் ஆபத்து. அதனால்தான் இன்னும் பெரும்பாலும் சூடான கேத்தோடே. நம் நாட்டில் மைக்ரோவேவ் டியூப் ஆராய்ச்சி நடக்கும் பிலானி சீரிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை.

ராத்திரி அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"அப்போ அது ரிப்பேருக்கு வந்தா, எரியுதான்னு எதைடா பார்க்கறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை.