நீருக்குள் ஒரு நிழல்

கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் ஒரு மாணவி வாங்கிய மீன், நீர் நிரம்பிய சிறு பையொன்றில் அடங்கி வீட்டுக்கு வந்தது. நீல உடல், செந்நிறத் துடுப்புகள். சண்டை மீன் என்பது அதன் பெயர். இருபது லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் அதை விட்டவள், அழகுக்காக இரண்டு நெகிழிச் செடிகளையும் நட்டு வைத்தாள். ஒரு வாரம் கழிவதற்குள் மீனின் வால்துடுப்பு கிழிந்திருந்தது.

காரணம் புரியாமல் கலங்கியவளிடம், “அந்தச் செடியை வெளியே எடு கண்ணு” என்றார் பாட்டி. ஈரம் உலர்ந்த நெகிழி இலையின்மீது தம் பழைய பட்டுப்புடவையின் தலைப்பை மெல்ல இழுத்தார். இலை விளிம்பில் இழை சிக்கிக்கொண்டது. “பட்டே சிக்குகிறது. அந்தப் பிள்ளையின் துடுப்பு எம்மாத்திரம்?” என்ற பாட்டியின் கேள்வி அவளை உறுத்தியது. அன்றே நெகிழிச் செடிகள் வெளியேறின.

உயிருள்ள செடிகளைத் தேர்ந்தெடுக்குமுன் மீனின் பிறந்தகத்தை அறிய விரும்பினாள். தாய்லாந்தின் நெல்வயல்களும் சதுப்புகளும் ஆழமற்ற ஓடைகளுமே அதன் தாயகம். விலங்கியலாளர் டேட் ரீகன் 1910இல் அதற்குப் ‘பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ்’ எனப் பெயரிட்டார். 2019இல் தாய்லாந்து அதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. உயிர்வளி குறைந்த நீரிலும் வாழ்வதற்கேற்ப, செவுள்களுக்கு மேலே தனிச் சுவாச உறுப்பு ஒன்று அதற்கு உண்டு. அதனால் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாக விழுங்கும். வேகமான நீரோட்டம் அதற்கு ஆகாது. செடிகளின் நிழலும் மறைவிடமும் வேண்டும்.

இவற்றை அறிந்தபின் தேர்வு எளிதாயிற்று. மீனுக்கு ஏற்ற 24 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில், மிதமான ஒளியில் வளரும் செடிகளையே நாடினாள். தென்கிழக்காசியாவைச் சேர்ந்த ஜாவா பெரணியின் மட்டநிலத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும் என்பதால், அதை நூலால் கல்லொன்றில் கட்டி வைத்தாள். ஆப்பிரிக்க அனுபியாஸ் செடிக்கும் அதே முறைதான். அதன் அகன்ற இலைகளை நீர்மட்டத்துக்கு அருகில் அமையுமாறு வைத்ததும், மீன் அவற்றின்மேல் படுத்து இளைப்பாறத் தொடங்கியது. பள்ளி ஆய்வகத்தில் ஒளிச்சேர்க்கையை விளக்கும் ஹைட்ரில்லாவும் தொட்டியின் ஒரு மூலையில் இடம்பெற்றது. விரைந்து வளரும் அச்செடி, மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும். ஆயினும் வாரந்தோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றும் பணியை அவள் விடவில்லை.

இரண்டாம் வாரம் சில இலைகள் பழுத்துக் கரைந்தன. செடிகள் மடிந்தன என்றே அஞ்சினாள். நீருக்கு வெளியே வளர்க்கப்பட்ட செடிகள் நீரில் மூழ்கியதும் பழைய இலைகளை உதிர்த்து, நீருக்கேற்ற புதிய இலைகளை விடுவது இயல்பு. அழுகியவற்றை மட்டும் நீக்கிவிட்டுக் காத்திருந்தாள். சில நாள்களில் இளந்தளிர்கள் தோன்றின.

நிழலுக்காக இட்ட ஆகாயத்தாமரை விரைவில் நீர்மட்டம் முழுவதும் படர்ந்தது. மேலே வந்து மூச்செடுக்க மீன் இடம் தேடி அலைந்ததைக் கண்டவள், பாதிப்பரப்பு திறந்திருக்குமாறு மிகுதியை அள்ளினாள். அள்ளியதை அருகிலிருந்த ஏரியில் விடலாமெனக் கரைவரை சென்றாள். அங்கே தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை நீரே தெரியாமல் மூடிக் கிடந்தது. தொட்டிக்குள் ஓர் உயிரை வாட்டிய அதே நெருக்கடி, ஏரியில் எத்தனை உயிர்களை வாட்டுமோ! கையிலிருந்த செடிகளோடு வீடு திரும்பி, அவற்றை வெயிலில் நன்கு உலர்த்திச் செம்பருத்திக்கு உரமாக்கினாள்.

ஒரு காலைப்பொழுதில், மிதக்கும் இலையொன்றின் அடியில் சிறுசிறு குமிழிகள் திரண்டிருந்தன. முட்டைகளைக் காப்பதற்காக ஆண்மீன் தன் வாயால் கட்டும் நுரைக்கூடு அது. துணை இல்லாதபோதும் அந்த மீன் கூடு கட்டியிருந்தது. அவள் பாட்டியை அழைத்தாள். இருவரும் தொட்டியின் அருகே அமர்ந்து, கிழிந்த இடத்தில் மெல்லிய துடுப்பு மீண்டும் வளர்ந்திருப்பதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தனர்.