மழைக்குக் காவல்

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம். பொம்மையார்பாளையத்தில் சித்தப்பாவின் கொல்லையில், பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி, அதாவது நிலக்கடலை, அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. கடல் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சித்தி ஓடிப்போய் மாட்டுக் கொட்டகையில் மடித்து வைத்திருந்த டிஜிட்டல் பேனரை இழுத்து வந்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். விரித்துப் போர்த்தி நாலு மூலைக்கும் கல் வைத்த பிறகுதான் கவனித்தேன். கண்ணீர் அஞ்சலி பேனர் அது. மேலத்தெருத் தாத்தாவின் முகம் ஓர் ஆள் உயரத்துக்கு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. முதல் தூறல் அவர் நெற்றியில் விழுந்தது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "சித்தி, திருப்பிப் போட்டுடலாமா?" என்றேன்.

"எதுக்குப்பா? உசுரோட இருந்தப்ப இந்தக் கொல்லியில ராவெல்லாம் நரிக்குக் காவலு இருந்த மனுசன். இப்ப மழைக்கு இருக்கட்டும்."

சித்தி அதை மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, தாத்தாவின் கன்னத்தில் தேங்கிய தண்ணீரைக் கையால் தள்ளிவிட்டார். பெற்ற பிள்ளையின் முகம் துடைப்பதுபோல இருந்தது எனக்கு.

மழை விடும்வரை கொட்டகைக்குள் நின்று அந்தப் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். கீழே மகன்கள், மருமகன்கள், பேரன்கள் பெயர்கள் வரிசையாக. மூலையில் ஒரு கட்சித் தலைவரின் படம். தாத்தா என்ன செய்து வாழ்ந்தார் என்பதற்கு அதில் ஒரு சொல் இல்லை. மோட்டார் வருவதற்கு முன்னால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏற்றம் மிதித்தவர் அவர். எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டாலேயே எண்ணிக்கொண்டு போவார். எண்ணிக்கை நூறைத் தொடும்போது அடி மாறும் என்று சித்தப்பா சொல்வார். அந்தப் பாட்டு முழுசாகத் தெரிந்தவர்கள் இன்று ஊரில் யாரும் இல்லை.

எங்கள் ஆயாவுக்கு இந்தப் பேனர்கூடக் கிடையாது. அது வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தது ஒரே ஒரு படம், வாக்காளர் அடையாள அட்டைக்காக எடுத்தது. கருமாதிக்காக அதைப் பெரிதாக்கக் கொடுத்தபோது ஸ்டுடியோக்காரர் கழுத்துக்குக் கீழே பட்டுப்புடவையும் இரட்டை வடச் சங்கிலியும் ஒட்டித் தந்துவிட்டார். இன்றும் சுவரில் அதுதான் தொங்குகிறது. ஆயா அப்படியொரு புடவையைத் தொட்டதுகூட இல்லை. முகத்தைப் பார்த்தால் அவர்தான். அதற்குக் கீழே இருப்பது யாரோ.

ஊரில் ஆயாவை மரக்காணத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். வாக்கப்பட்டு வந்த பெண்ணுக்குப் பிறந்த ஊரே பெயராகிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். உப்பளத்து ஊரிலிருந்து செம்மண் காட்டுக்கு வந்தவர். எங்கள் மண் அப்படிப்பட்டது. கிழக்கே கடலும் குப்பமும், மேற்கே ஏறிப் போனால் செம்மண் மேடு. மேல்மண்ணை மழை அரித்து ஓடை ஓடையாகக் கிழித்திருக்கும். பக்கத்து ஊரான இரும்பையில் கடுவெளிச் சித்தர் விட்ட சாபத்தால்தான் இந்த மேடு பாழானது என்று ஆயா நம்பினார். சாபம் விழுந்த மண்ணிலும் விளைகிற ஒரே தவசம் மல்லாட்டைதான் என்பார்.

மல்லாட்டை என்ற சொல்லே கப்பலேறி வந்தது. மணிலாக்கொட்டை என்பது எங்கள் வாயில் தேய்ந்து அப்படியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறையிலிருந்து பிரான்சின் மார்செய்ல் நகருக்கு மூட்டை மூட்டையாகப் போனது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. கப்பல் கணக்கு எழுதி வைத்திருப்பார்கள். மூட்டைக்குள் போன ஒவ்வொரு காயையும் கொடியிலிருந்து பிரித்த விரல்களுக்குக் கணக்கு இல்லை.

மல்லாட்டை ஆய்வது லேசான வேலையாகத் தெரியும். செடியின் தலையை இடக்கையில் பிடித்து வேரை மேலே திருப்ப வேண்டும். வலக்கை விரல்களால் காயை மட்டும் வெடுக்கென்று இழுக்க வேண்டும். காம்பு கூடவே வந்தால் அளக்கும்போது காம்பு இடம் பிடிக்கும், கொல்லைக்காரர் முகம் சுளிப்பார். பிஞ்சைத் தனியே ஒதுக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராமல் பொழுதுக்கும் ஆய்ந்தால் சாயங்காலம் மரக்காலால் அளப்பார்கள். கூலியும் காயாகத்தான். இத்தனை மரக்காலுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டதை அளந்து கொட்டி, மேலே ஒரு கை அள்ளிப் போடுவார்கள். அந்த ஒரு கைதான் பிள்ளைகளுக்கு. முந்தானையில் முடிந்துகொண்டு வந்து ஆயா எங்களுக்கு அடுப்புச் சாம்பலில் சுட்டுக் கொடுப்பார். நகக்கண்ணில் செம்மண் ஏறியிருக்கும். பண்டிகைக்கு மருதாணி வைத்தாலும் அந்தச் சிவப்புதான் முந்தித் தெரியும்.

ஆயா ஆய்ந்ததில் பாதிக்கு மேல் எங்கள் சொந்தக் கொல்லையில். ஆனாலும் பட்டா, சிட்டா, அடங்கல் எதிலும் அவர் பெயர் வந்ததில்லை. தாத்தா பெயர், பிறகு அப்பா, சித்தப்பா பெயர். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-ல் வந்தபோது ஆயாவுக்குக் கேட்கிற வயது தாண்டியிருந்தது. நிலமே இல்லாமல் அடுத்தவர் கொல்லையில் காலமெல்லாம் குனிந்தவர்கள் அவரைப் போன்றவர்களைவிட அதிகம். தாலுகா ஆபீஸ் பீரோக்களைக் கவிழ்த்துத் தேடினாலும் அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

பெரியம்மாவின் கதை இன்னொன்று. முந்திரிதான் அவருக்கு எல்லாம். மாசி, பங்குனியில் விடியுமுன் தோப்புக்குப் போய் உதிர்ந்த பழம் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுப்பார். சித்திரை, வைகாசியில் கொட்டையை வறுத்து உடைப்பார். தகரத்தில் வறுக்கும்போது தோலிலிருந்து வரும் எண்ணெய் குபீரென்று தீப்பிடிக்கும். கையில் பட்டால் தோல் வெந்து கறுத்து உரியும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் உடைப்பார்கள். நாற்பது வருஷம் அப்படி உடைத்தவர். ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் வந்தபோது பெரியம்மாவின் பெருவிரலை அது ஏற்கவில்லை. துடைத்துத் துடைத்து வைத்தார்கள். ஆள்காட்டி விரல், மோதிர விரல், இடக்கை என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார்கள். ரேகை இல்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பெரியம்மா தன் விரலை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முந்திரி தின்னுடுச்சிடா கண்ணு" என்றார். கடைசியில் என் அண்ணன் விரலை வைத்து அரிசி வாங்கினோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கையெழுத்தே அந்த ரேகைதான். அதையும் உழைப்பு அழித்துவிட்டது என்பதை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. எங்கள் பக்கம் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பெரியம்மா தோப்புக்குப் போய் மரம் மரமாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மரத்துக்கும் அவரிடம் ஓர் அடையாளம் இருந்தது: வாரிக் காய்க்கிறது, சீக்கிரம் காய்க்கிறது, பழம் மஞ்சளாக விடுகிறது, பிள்ளைக்குத் தூளி கட்டியது. அன்றே அவற்றை எழுதி வைத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றவில்லை.

மேட்டில் இன்று இருக்கும் காட்டிலும் எங்கள் ஊர்க் கைகள் உண்டு. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் என்ற பன்னாட்டு நகரம் அங்கே தொடங்கியபோது 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் போட்டார்கள். அதன்பின் வந்த வருஷங்களில், நிழலே இல்லாத மேட்டில் அங்கு குடியேறியவர்களோடு சுற்று ஊர்ச்சனங்களும் வரப்பு போட்டார்கள், குழி வெட்டினார்கள், கன்றுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். பெரியம்மா அப்போது பாவாடைப் பிள்ளை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இன்றும் ஜன்னல் வழியாக ஒரு மரக்கூட்டத்தைக் காட்டி "எங்கொடம் தண்ணி அது" என்பார்.

ஊருக்கு எழுத்தே வாய்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கும் பொம்மபுர ஆதீனத்தின் பெயரே இந்த ஊரால் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் இங்கே தம் குருவான சிவஞான பாலைய சுவாமிகள்மேல் கலம்பகமும் தாலாட்டும் பாடினார். நாவலரும் ஞானியும் பாட்டில் நிலைத்தார்கள். மடத்துக்கு நெல் குத்தியவர்கள், மாடு மேய்த்தவர்கள் பற்றி ஒரு வெண்பாவும் நான் கண்டதில்லை.

அதனால்தான் விழுப்புரத்தில் ஆசிரியராக இருந்த த. பழமலய் 1988-ல் 'சனங்களின் கதை' எழுதியதை மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன். தன் ஊரான குழுமூரின் மனிதர்களை, உறவுகளை, உழவர்களை, அவர்கள் பேச்சோடு கவிதைக்குள் கொண்டுவந்தார். கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதியும் எனக்கு அதே வரிசையில்தான். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் காலாப்பட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு வந்த கி. ராஜநாராயணன், கரிசல் காட்டுச் சம்சாரிகளின் கதைகளை மனசில் சுமந்துகொண்டு, 2021-ல் மறையும்வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்தார். அத்தனை பக்கத்தில் இருந்தும் நான் போய் ஒரு சொல் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அவசரம் கூடிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் ரோட்டோரக் கொல்லைகள் மனைகளாகிவிட்டன. ஏத்தக்கிணத்துக் கொல்லை, நரிமேட்டுக் கொல்லை, ஒத்தப்பனைக் கொல்லை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. இன்று அங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதிய கல் நட்டிருக்கிறார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு என்று மல்லாட்டை கட்டுப்படியாகாத குடும்பங்கள் அவை. கொல்லை போகும்போது அதன் பெயரும் போகிறது. பெயரோடு அதில் குனிந்தவர்களும் போகிறார்கள்.

அன்று மழை அரை மணியில் விட்டது. பேனரின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தண்ணீரைச் சரித்துக் கொட்டி, வேலிமேல் வெயில் படும்படி விரித்தோம். செடி நனையவில்லை. பெண்கள் நாலு பேர் வந்து அம்பாரத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆயத் தொடங்கினார்கள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு சித்தி பக்கத்தில் உட்கார்ந்து ஆயாவைப் பற்றிக் கேட்டேன்.

"என்னத்தப்பா எழுதப் போற?"

"தெரிஞ்சத சொல்லு சித்தி."

சித்தியின் கை நிற்கவில்லை. பத்துச் செடி ஆய்ந்து முடிக்கும் நேரம் யோசித்தார்.

"ஒரு நாளைக்கு ஆறு மரக்கா ஆய்வாங்க. உங்கப்பன மடியில போட்டுக்கினு. அத எழுதிக்க."