தோலுக்குப் போட்ட வரி

பட்ஜெட் என்றால் அது பணக்காரன் சமாச்சாரம் என்று நம் தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். பஞ்சமி நிலம் பேசுவோம், இரட்டை டம்ளர் பேசுவோம், வன்கொடுமைச் சட்டம் பேசுவோம். வரி பேச மாட்டோம். ஏற்றுமதி வரி, சுங்க வரி என்று ஆரம்பித்தாலே 'அதெல்லாம் முதலாளிங்க பாடு' என்று டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள். நான் தோல் ஷாப்புக்காரன் மகன். எங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா எரியாதா என்பதைத் தில்லியில் போட்ட வரியும் சட்டமும் பல முறை முடிவு செய்திருக்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. பாலாற்றுப் படுகையில் இருக்கிற இந்த ஊர்களில் 'ஷாப்பு' என்றால் கடை இல்லை, தோல் பதனிடும் இடம். எங்க நைனா பதினாலு வயசில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர். அப்போதெல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதப்படுத்துவார்கள். பாதி வேலை முடிந்த தோல் கட்டுக்கட்டாக மெட்ராஸ் துறைமுகம் போய்ச் சீமைக்குக் கப்பல் ஏறும். அங்கே அது பூட்ஸ் ஆகும், கைப்பை ஆகும். லாபம் அங்கே, நாற்றம் எங்களுக்கு. ஷாப்பு விட்டு வருகிறவன் பக்கத்தில் பஸ்ஸில் ஒருத்தனும் உட்கார மாட்டான். பிறந்ததால் ஒரு தீட்டு, பிழைப்பால் இன்னொரு தீட்டு.

1972-ல் சீத்தாராமையா குழு என்று ஒன்று அறிக்கை கொடுத்தது. அதை வைத்து, பச்சைத் தோலை வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்று 1973-ல் மத்திய அரசு தடை போட்டது. பாதி பதனிட்ட தோலுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று கோட்டா வைத்தது, அதன் மேல் ஏற்றுமதி வரியும் போட்டது. முழுசாக முடித்த தோலுக்கும் தோல் பொருளுக்கும் ஊக்கத்தொகை கொடுத்தது. கணக்கு எளிமையானது. தோலாக அனுப்பினால் நஷ்டம், செருப்பாக அனுப்பினால் லாபம். வியாபாரி லாபம் இருக்கிற பக்கம்தானே திரும்புவான்? திரும்பினான். ஆம்பூரைச் சுற்றி ஷூ கம்பெனிகளும் அப்பர் தைக்கிற கம்பெனிகளும் முளைத்தன.

அரசு கையை வைத்தாலே வளர்ச்சி கெட்டுவிடும் என்று பாடம் சொல்லுகிற பொருளாதாரப் பண்டிதர்களுக்கு எங்க அக்காவைக் காட்ட வேண்டும். ஊர்த்தெருக்காரன் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். முதல் மாசச் சம்பளம் வாங்கி வந்தவள் சொன்னாள்: "சம்பளம் கம்மிதான்டா. ஆனா களத்து மேட்டுல கையேந்தி நிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்." எங்கள் சேரிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் கம்பெனி வண்டி ஏறினார்கள். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று ஊர்க்காரன் புலம்பினான். அந்தப் புலம்பலில் எங்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஒரு வரியும் ஒரு தடையும் சேர்ந்து எங்கள் பெண்களின் கூனிய முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தின.

ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவன் தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை. முழுசாக முடித்த தோல் வேண்டும் என்றதும் ஆவாரம்பட்டை போய் குரோம் உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது, கழிவு பாலாற்றுக்குப் போனது. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. காசு உள்ளவன் தண்ணீரை விலைக்கு வாங்கினான். சேரி எந்தத் தண்ணீரைக் குடிக்கும்? வளர்ச்சிக்கு ஊக்கத்தொகை உண்டு, நாசத்துக்கு விலை கிடையாது. அப்படித்தான் அந்தக் கொள்கை இருந்தது.

அந்த விலையை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் போட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்றது தீர்ப்பு. ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகளுக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அந்த ஐந்தில் எங்கள் மாவட்டத்தின் பெயர் அப்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்! நல்ல தீர்ப்புதான், இன்றைக்கும் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் செலவு யார் தலையில் இறங்கியது என்று பாருங்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முதலாளிகளுக்கு அரசு மானியம் இருந்தது. நைனா வேலை செய்த ஷாப்பை மூடினார்கள். மூடின நாளுக்குக் கூலி கேட்டதற்கு, "கோர்ட்ல போயி கேளு" என்றார் மேஸ்திரி. தினக்கூலிக்காரன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? அம்மா வைத்திருந்த வெண்கலக் குண்டான் அடகுக்குப் போனது. அது திரும்பி வரவே இல்லை.

அப்படிக் கட்டின சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில், ராணிப்பேட்டையில், 2015 ஜனவரி 31 அன்று கழிவுத் தொட்டி உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30-ல் பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் இருபத்தெட்டு வருசம்.

இனி கம்பெனிக்கு வெளியே செருப்புத் தைக்கிறவனைப் பாருங்கள். எங்க மாமா மகன் வீட்டுத் திண்ணையில் செருப்புத் தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. அவன் விற்பனை சின்னது, பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. தப்பித்தான் என்று நினைப்பீர்கள். இல்லை. பசைக்கும் அடிக்கட்டைக்கும் அவன் கொடுக்கிற விலையிலேயே வரி ஒளிந்திருக்கிறது. பதிவு செய்த கம்பெனிக்காரன் அந்த வரியைக் கழித்துக்கொள்வான். இவன் கழிக்க முடியாது. கடைக்காரரும், "பில்லு இருந்தா குடுப்பா, இல்லாட்டி வேணாம்" என்கிறார். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட செருப்புக்கு 2022 ஜனவரியில் வரியை 5 சதவீதத்திலிருந்து 12 ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரை மறுபடியும் 5 என்றார்கள். நடுவில் போன மூன்றரை வருசத்தில் அவன் பாதி நாள் கட்டட வேலைக்குப் போனான்.

2025 பட்ஜெட்டில் 1973-ன் மதிலில் இன்னொரு கல்லைப் பிடுங்கினார்கள். மெருகேற்றாத கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரி போய்விட்டது. வெட் ப்ளூ தோல் இறக்குமதிக்கும் வரி இல்லை. சின்ன ஷாப்புக்காரன் நேரடியாக விற்கலாம் என்பது ஒரு பக்கம். தோல் மறுபடியும் தோலாகவே கப்பல் ஏறினால் எங்க அக்கா மாதிரிப் பெண்களின் தையல் மிஷின் என்ன ஆகும் என்பது இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் பேசியவர்கள் வியாபாரிகள்தான். அதே வருசம் ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோதும் நஷ்டக் கணக்கைச் சங்கங்கள் எடுத்துக்கொண்டு தில்லிக்குப் போயின. மிஷினில் உட்கார்ந்தவளின் கணக்கை எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1927-ல் பம்பாய் சட்டமன்றத்தில் பட்ஜெட் மீது பேசினார். வருமான வரிக்கு ஒரு வரம்புக்குக் கீழே விலக்கு உண்டு, நிலவரிக்கு ஏன் இல்லை, ஏழை விவசாயியும் கட்டத்தானே வேண்டியிருக்கிறது என்று கேட்டார். மாகாண நிதியைப் பற்றி 1925-லேயே புத்தகம் எழுதியவர் அவர். சிலைக்கு மாலை போடுகிற நாம் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டால் இப்படிக் கேட்கலாம். வரிச் சலுகை வாங்குகிற ஒவ்வொரு கம்பெனியும் எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டுகிறது? மாசு என்று மூடும்போது கூலி இழந்தவனுக்கு அபராதப் பணத்தில் பங்கு ஏன் இல்லை? திண்ணையில் தைக்கிறவன் மூலப்பொருளில் கட்டின வரியைத் திருப்பித் தர ஏன் வழி இல்லை? தோல் உரித்தவன், ஊற வைத்தவன், தைத்தவள் எல்லாரும் நம் ஆட்கள். விலை வைக்கிற இடத்தில் நாம் இல்லை. அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் இந்த மூன்று கேள்வியையும் துண்டறிக்கையாக அடித்து ஷாப்பு வாசலில் கொடுப்போம், தோழர்களே.