நியூ ஜெர்சியில் ஒரு பூச்சாண்டி ராத்திரி

அமெரிக்கா போய் வந்தவர்கள் சுதந்திர தேவி சிலையைப் பற்றியும் நயாகராவைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். நானும் இரண்டையும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தன. ஆனால் என் மனசில் நிற்பது ஒரு தெரு. நியூ ஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட் விண்ட்ஸர் என்கிற ஊரில் என் தம்பி குடியிருக்கும் தெரு.

2024 அக்டோபர் முழுக்க அங்கே இருந்தேன். போய் இறங்கிய மறுநாள் காலையில் கதவைத் திறக்கிறேன், எதிர்வீட்டுப் புல்தரையில் மாடி உயரத்துக்கு ஒரு எலும்புக்கூடு நிற்கிறது! அடுத்த வீட்டு வாசலில் வரிசையாகக் கல்லறைக் கற்கள். அதற்கடுத்த வீட்டில் மண்ணுக்குள்ளிருந்து இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. காலங்கார்த்தாலே இதிலா முழிக்க வேண்டும் என்று "முருகா!" என்றபடி உள்ளே வந்துவிட்டேன். தம்பி மனைவிக்கு ஒரே சிரிப்பு. "இதுக்கே பயந்தா எப்படி மதினி? மாசக் கடைசி வரட்டும், பாருங்க" என்றாள்.

மாசக் கடைசியில் வருவதுதான் ஹாலோவீன். நவம்பர் 1-ஆம் தேதி கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்கள் திருநாள். அதற்கு முந்தின ராத்திரி ஆவிகள் உலாவும் என்பது அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பழைய நம்பிக்கை. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு ஏற்றி வைப்பார்களாம். பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்கள் இங்கே பூசணிக்காய் கொட்டிக் கிடப்பதைப் பார்த்து அதற்கு மாறிவிட்டார்கள். நாம் புது வீடு கட்டினால் பூசணிக்காயில் பூதமுகம் எழுதித் தொங்கவிடுவதில்லையா, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாலும் ஐந்துமாகக் குடைந்து வைத்து, கடைசியில் அழுகிப்போய்க் குப்பைக்குத்தான் போகிறது. எத்தனை வீட்டுக்குப் புளிக்குழம்பு வைக்கலாம் என்று என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு, கையில் வாளியோடு வீடு வீடாக வருவார்கள். "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று கத்துவார்கள். மிட்டாய் தருகிறாயா, இல்லை சேட்டை பண்ணட்டுமா என்று அர்த்தம். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம். அணைந்திருந்தால் அந்த வீட்டை விட்டுவிட வேண்டும். சொல்லாமலே எல்லாரும் இதை மதிக்கிறார்கள்.

வேஷம் கட்டி வீட்டு வாசலில் நிற்பது எனக்கொன்றும் புதிதில்லை. நான் பிறந்தது உடன்குடிப் பக்கம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளி, குறவன், குரங்கு, போலீஸ்காரர் என்று வேஷம் போட்டு வீடு வீடாகக் காணிக்கை வாங்க வருவார்கள். காளி வேஷக்காரர் சடையும் தொங்குகிற நாக்குமாக வந்து நின்றால் நாங்கள் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்வோம். ஆனால் அவரே குனிந்து எங்கள் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். அந்தக் கை பட்டதும் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயத்தை நாங்களே விடமாட்டோம், அது ருசியாக இருக்கும்!

அமெரிக்காவில் ஆதியில் சேட்டை பிள்ளைகளுடையதாகத்தான் இருந்திருக்கிறது. 1920, 1930-களில் பையன்கள் இந்த ராத்திரியில் பண்ணின அட்டகாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. கேட்டைக் கழற்றி எங்காவது கொண்டுபோய்ப் போடுவது, ஜன்னல் கண்ணாடியில் சோப்புப் பூசுவது என்று ஆரம்பித்து, தெருவிளக்கை உடைப்பது, தீ வைப்பது வரை போயிருக்கிறது. மிட்டாயைக் கொடுத்துச் சமாதானம் பண்ணிவிடலாம் என்று பெரியவர்கள் கண்டுபிடித்த வழிதான் இந்த வழக்கமாகப் பரவியது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சர்க்கரைக்கு ரேஷன் வந்து கொஞ்ச காலம் மங்கிப்போய், பிறகு முன்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டது. நியூ ஜெர்சியில் 30-ஆம் தேதி ராத்திரிக்கு இன்னமும் 'சேட்டை ராத்திரி' என்றே பெயர். மரத்தில் டாய்லெட் காகிதச் சுருளை வீசித் தோரணம் கட்டுவது, வீட்டுச் சுவரில் முட்டை அடிப்பது எல்லாம் அன்றைக்குத்தான். ஆக, அந்தக் காலத்தில் பயந்தவர்கள் பெரியவர்கள். இப்போது பெரியவர்களே பொம்மையும் முகமூடியும் வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பயமுறுத்தக் காத்திருக்கிறார்கள். இந்தத் தலைகீழ் எனக்கு விசித்திரமாக இருந்தது.

தம்பி ஊரிலேயே இதற்கு ஒரு ஞாபகச் சின்னமும் இருக்கிறது, கேளுங்கள். வெஸ்ட் விண்ட்ஸரைச் சேர்ந்த குரோவர்ஸ் மில் என்ற இடத்தில் ஒரு குளம், பக்கத்தில் சின்னப் பூங்கா. 1938 அக்டோபர் 30, ஹாலோவீனுக்கு முந்தின ராத்திரி, ஆர்சன் வெல்ஸ் என்ற நடிகர் ரேடியோவில் ஒரு நாடகம் போட்டார். செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் இந்தக் குரோவர்ஸ் மில்லில் வந்து இறங்கிவிட்டார்கள் என்று, நிஜச் செய்தி மாதிரியே! பாதியில் கேட்கத் தொடங்கிய சிலர் நம்பிப் பதறிப்போனார்கள். ஊரில் யாரோ பழைய தண்ணீர்த் தொட்டியைச் செவ்வாய்க்காரனின் யந்திரம் என்று எண்ணித் துப்பாக்கியால் சுட்டதாகக் கூட ஒரு கதை சொல்கிறார்கள். தேசமே தெருவுக்கு ஓடிவந்தது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதியது ரொம்ப மிகை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நாடகத்தின் முடிவில் வெல்ஸே, இது ஹாலோவீனுக்காகப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பயம் காட்டினது மாதிரிதான் என்று சொல்லிவிட்டார். 50 வருஷம் கழித்து, 1988-இல் அந்தப் பூங்காவில் வெண்கலத்தில் சின்னம் வைத்திருக்கிறார்கள். வெல்ஸ் மைக்கின் முன்னால் நிற்கிறார். ஒரு குடும்பம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறது. அந்தக் குடும்பத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருஷம் தீபாவளியும் அக்டோபர் 31. விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளியல், புதுத்துணி, நான் கிண்டிய லேகியம் (பெரியவன் வாயில் வைத்து உடனே துப்பினான்). சாயங்காலம் அதே புதுத்துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு வேஷம்! ஒன்பது வயதுப் பெரியவன் ரத்தக்காட்டேரி. நாலு வயதுச் சின்னவள் தேனீ. அந்த மாதம் அங்கே மழையே இல்லை. அன்று குளிரும் இல்லை. வேறு வருஷமாக இருந்தால் வேஷத்தின் மேல் கோட்டைப் போட்டு மூடி, தேனீயா கரடியா என்றே தெரியாதாம்.

முதல் ஏழெட்டு வீடுகள் ஜோராகப் போயிற்று. ஒரு வீட்டில் சூனியக்காரி வேஷத்தில் ஒரு பாட்டி, புகை கக்குகிற அண்டாவை அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தாள். பெரிய பையன்களிடம் அதட்டலாகப் பேசினவள், எங்கள் தேனீயைப் பார்த்ததும் கூம்புத் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உனக்கு எது வேண்டும்?" என்றாள். அவள் நிதானமாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

தெருத் திருப்பத்தில் இருந்த வீட்டின் முகப்பில் ஒரு நாற்காலி. அதில் சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று, சட்டைக் கையிலிருந்து வைக்கோல் பிதுங்க உட்கார்ந்திருந்தது. மடியில் மிட்டாய்ப் பாத்திரம். பெரியவனும் கூட்டாளிகளும் தூரத்திலேயே நின்று, "பொம்மையா, ஆளா?" என்று பந்தயம் கட்டினார்கள். ஒருவன் போய் விரலால் குத்தினான். பொம்மை "ஹா!" என்று எழுந்ததே பார்க்கவேண்டும்! நாலு பேரும் அலறிக்கொண்டு புல்தரையில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். "இன்னொரு தடவை!" என்று கெஞ்சினார்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

பின்னாலேயே சின்னவள் ஏறினாள். பொம்மை மறுபடி எழுந்தது. அவள் கத்தவில்லை. வாளி கையிலிருந்து விழுந்தது. திரும்பி நேரே ரோட்டைப் பார்த்து ஓடினாள். ஓரத்தில் நின்ற தம்பி மனைவி எட்டிப் பிடித்துவிட்டாள். அதே நேரம் ஒரு கார் அந்த இடத்தைக் கடந்து போயிற்று. மெதுவாகத்தான் வந்தது, ஆனாலும் எனக்குக் கை நடுங்குவது நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று. அந்த வீட்டுப் படியில் நின்ற இரண்டு இளவட்டங்கள் போனில் இதைப் படம் பிடித்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பொம்மைக்காரர் முகமூடியைக் கழற்றினார். உள்ளே நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. யாரோ ஒரு தாத்தா! பதறிப்போய், சிதறின மிட்டாயை எல்லாம் குனிந்து பொறுக்கி வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, "மன்னித்துக்கொள், மன்னித்துக்கொள்" என்றார். நல்ல மனுஷர். பிள்ளை அம்மாவின் கழுத்திலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

அன்று ராத்திரி வீட்டில் ஒரு பட்டிமன்றம். தம்பி, "பயந்து பயந்துதான்க்கா தைரியம் வரும். நாம பூச்சாண்டி பாத்து வளரலையா?" என்றான். அவன் மனைவி சூடாகிவிட்டாள். "தைரியம் வரட்டும். ரோட்டுல கார் வராம இருக்கணுமே!" என்றாள். 2019-இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆராய்ச்சியைப் பற்றி அவள் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 42 வருஷக் கணக்கைப் பார்த்ததில், ஹாலோவீன் சாயங்காலத்தில் கார் மோதி நடந்துபோகிறவர்கள் இறப்பது, முன்னும் பின்னும் உள்ள சாதாரண நாளைவிட 43 சதவீதம் அதிகமாம். நாலிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கோ சுமார் 10 மடங்கு! மிட்டாயில் விஷம், ஆப்பிளில் பிளேடு என்று தாய்மார்கள் பயந்து சாகிறார்கள். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் 1958 முதல் வந்த செய்திகளைத் துருவிப் பார்த்தும், முன்பின் தெரியாதவர் கொடுத்த மிட்டாயால் பிள்ளை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட அகப்படவில்லை. 1974-இல் டெக்சாஸில் விஷ மிட்டாயால் ஒரு பையன் இறந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தது பெற்ற தகப்பன், இன்ஷ்யூரன்ஸ் பணத்துக்காக. பயப்பட வேண்டியது மிட்டாய்க்கு இல்லை, ரோட்டுக்கு.

ரோடு ஒரு பக்கம் இருக்கட்டும். புல்தரையே ஆனாலும் அந்த இரண்டாவது "ஹா!" எனக்குப் பிடிக்கவில்லை. பெரியவன் சந்தேகப்பட்டுக்கொண்டு போனான். ஏமாந்தால் சிரிக்கலாம் என்று தெரிந்தே போனான். சின்னவளுக்கு அது பொம்மை, மடியில் மிட்டாய், அவ்வளவுதான். ஒரே சேட்டைதான், வந்து நின்ற பிள்ளையைப் பார்க்கவேண்டாமா? அந்தச் சூனியக்காரிப் பாட்டி பார்த்தாளே!

பிள்ளைகளைப் பார்க்காமல் தன் சிரிப்பை மட்டும் பார்த்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த ஊரிலேயே ஒரு கதை உண்டு. 1964-இல் நியூயார்க் மாநிலம் லாங் ஐலண்டில் நம்மைப் போல ஒரு இல்லத்தரசி. வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் மிட்டாய் கேட்டு வருகிறார்களே என்று எரிச்சல். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார், நாய் பிஸ்கட், எறும்பு மருந்து இவற்றை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். தமாஷ் என்று பிள்ளைகளிடம் சொல்லித்தான் கொடுத்தாளாம். யாரும் சாப்பிடவில்லை, நல்லவேளை. ஆனாலும் போலீஸ், கோர்ட், குற்ற ஒப்புதல் என்று போய்விட்டது.

இப்போதெல்லாம் டெலிவிஷனே பெற்றவர்களுக்குச் சேட்டை கற்றுக்கொடுக்கிறது. ஜிம்மி கிம்மல் என்பவர் 2011-இல் தன் நிகழ்ச்சியில் ஒரு யோசனை சொன்னார்: 'உன் மிட்டாயை எல்லாம் நாங்கள் தின்றுவிட்டோம்' என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், அது என்ன பண்ணுகிறது என்று படம் எடுத்து அனுப்புங்கள். வந்து குவிந்துவிட்டது! பிறகு பல வருஷம் தொடர்ந்தது. பிள்ளைகள் தரையில் விழுந்து அழுவதைப் பார்த்துக் கோடிக்கணக்கானவர்கள் சிரித்தார்கள். சில பிள்ளைகள், "பரவாயில்லை அம்மா" என்று சொல்லும். எனக்கு அழுகிற பிள்ளையைவிட இந்தப் பிள்ளையைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

கேட்டீர்களா கூத்தை, அந்த ராத்திரிக்கு அப்புறமும் என் தம்பிக்கு இந்த ஆசை வந்தது! மறுநாள் காலை வாளிகளை அலமாரியில் ஒளித்துவைத்துவிட்டுப் போனைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் மனைவி தோசைக்கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "அவ அழுதா நாலு பேரு சிரிப்பாங்க. ராத்திரி அவளைத் தூங்க வைக்க அந்த நாலு பேரு வருவாங்களா?" என்றாள். சின்னவள் அந்த ராத்திரி மூன்று தடவை எழுந்து எங்களை எழுப்பியிருந்தாள். தம்பி பேசாமல் வாளிகளை எடுத்துக்கொண்டு வந்து வைத்தான்.

மிட்டாயைத் தரையில் கொட்டிப் பிரித்தோம். வேர்க்கடலை சேர்ந்ததெல்லாம் தனியே, பக்கத்து வீட்டுப் பையனுக்கு அது ஆகாது. அவனுக்காகவே தம்பி வீட்டு வாசலில் ஒரு பூசணிக்காய்க்கு மயில்கழுத்துப் பச்சையும் நீலமும் கலந்த வர்ணம் அடித்து வைத்திருந்தார்கள். இந்த வீட்டில் தின்பண்டம் இல்லாத பரிசும் உண்டு என்று அடையாளமாம். 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம். பென்சில், ஸ்டிக்கர், சோப்புக் குமிழி விடுகிற புட்டி எல்லாம் வாங்கி வைத்திருந்தாள் தம்பி மனைவி. ஒரு நாளைக்கு இரண்டு, தின்றதும் பல் தேய்க்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் ஒப்பந்தம் ஆயிற்று.

ஊருக்குக் கிளம்பும் வரை தினமும் சின்னவளைப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். தெருத் திருப்பம் வந்ததும் என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கத்துக்கு இழுப்பாள். நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டார் அந்தத் தாத்தா, ஆனாலும் இழுப்பாள். பெரியவனோ, அடுத்த வருஷம் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போகவேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டான்.

அன்று காலை தம்பி, "அப்பாவுக்கு வரி இல்லையா?" என்று கையை நீட்டினான். அங்கே தகப்பன்மார் உரிமையோடு இரண்டு மிட்டாய் வசூலிப்பது வழக்கமாம். பெரியவன் உடனே ஒன்றைத் தூக்கிப் போட்டான். சின்னவள் முழுக் குவியலையும் ரொம்ப நேரம் கிளறினாள். அவளுக்குப் பிடிக்காத கறுப்பு அதிமதுர மிட்டாய் ஒன்றைத் தேடி எடுத்து அப்பா கையில் வைத்தாள். அவன் அதை வாயில் போட்டு மென்று, முகத்தை அஷ்டகோணலாக்கினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.