மாமா இருந்தால் எத்தனை புள்ளி?

அன்புள்ள மருமகனுக்கு,

சிங்கப்பூர் வேலைக்கு உனக்கு எத்தனை புள்ளி தேறும் என்று கேட்டிருந்தாய். உன் அம்மாவும் போனில், "நீ அங்கதான இருக்க, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றாள். அக்கா கேட்டதில் தப்பே இல்லை. நம்ம பக்கத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

இங்கே மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கும் தெருவுக்குக் கடையநல்லூர் ஸ்திரீட் என்றே பெயர். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிற சுற்றுலாக்காரர்களுக்கு அது எந்த ஊர் என்று தெரியாது. நமக்குத் தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். நெசவு கைகொடுக்காமல் போன காலத்தில் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்கள் கப்பலேறி வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறின. மற்ற ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தனி ஆளாக வந்தபோது இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். ஆண்கள் துறைமுகத்துக்குப் போக, பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை ஏற்படுத்தி, 1946இல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் தொடங்கினார்கள். முன்னால் வந்தவர் பின்னால் வருகிறவருக்குப் படுக்க இடமும் வேலைக்கு வழியும் காட்டினார். 1953இல் குடிநுழைவுக் கட்டுப்பாடு வரும்வரை சொந்தக்காரர்தான் விசா.

இப்போதைய கணக்கு வேறு. 2023 செப்டம்பர் முதல் நிபுணர், மேலாளர் வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குக் காம்பஸ் என்ற புள்ளி முறை நடக்கிறது. கட்டுமானம், கப்பல் பட்டறை வேலை பெர்மிட்டுக்கும் நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸுக்கும் இது கிடையாது. முதலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் அதை 5,600 வெள்ளியாக உயர்த்தினார்கள், வயது கூடக் கூட அதுவும் கூடும். அதைத் தாண்டினால் 40 புள்ளி தேற வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் உன் நாட்டுக்காரர்களின் பங்கு, அங்கே உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைத்திருக்கிற இடம் என்று நான்கு பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20.

இதில் இரண்டுதான் உன்னுடையவை, மற்ற இரண்டும் கம்பெனியுடையவை. இதைத்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் கவனிக்காமல் விடுகிறார்கள்.

போட்டுப் பார்ப்போம். உன் பட்டத்துக்கு 10 என்று வைத்துக்கொள். 20 வேண்டுமென்றால் முன்னணிப் பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ள இடத்தில் படித்திருக்க வேண்டும். இதே துறையில் உன் வயதுள்ள உள்ளூர்க்காரர்கள் வாங்குவதோடு உன் சம்பளத்தை ஒப்பிடுவார்கள். அவர்களில் நூறில் அறுபத்தைந்து பேரின் சம்பளத்தை எட்டாவிட்டால் 0. இதுவரை 10. நீ போகிற கம்பெனியின் நிபுணர், மேலாளர் வேலைகளில் கால்வாசிப் பேர் ஏற்கனவே இந்தியர் என்றால் அங்கேயும் 0. உள்ளூர் வேலைவாய்ப்புக்கு நடுத்தரமாக ஒரு 10. ஆக 20, தேறாது. ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் உன் வேலை இருந்தால் மேற்கொண்டு 20 உண்டு; ஆனால் மூன்றில் ஒரு பங்கு இந்தியராக இருக்கிற கம்பெனியில் அதுவும் 10 ஆகிவிடும். 30, அப்போதும் தேறாது. இதே நீ, இதே சம்பளத்துக்கு, இந்தியர் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாக உள்ள கம்பெனிக்குப் போனால் 10, 0, 20, 10. நாற்பது.

படித்தது, உழைத்தது எதிலும் மாற்றமில்லை. பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் மாறியது. கடையநல்லூர்க்காரர்களுக்கு நம்மாட்கள் இருக்கிற இடமே போக்கிடமாக இருந்தது. உனக்கு அந்த இடத்தில்தான் புள்ளி போகிறது. ஒரே நாட்டுக்காரர் ஒரு கம்பெனியை நிறைத்துவிடக் கூடாது என்று இந்த ஊர் நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதன் விலையைத் தனியொரு பையன் கொடுப்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கனடா பற்றியும் கேட்டிருந்தாய். புள்ளி முறையை 1967இல் முதன்முதலில் கொண்டுவந்ததே அவர்கள்தான். அதற்குச் சில வருஷம் முன்புவரை பிறந்த நாட்டையும் நிறத்தையும் பார்த்துக் கதவடைத்த தேசம் அது. நம்மவர்களுக்கு வழி பிறந்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. அங்கே ஆளைத்தான் அளக்கிறார்கள். 1,200 புள்ளித் தரவரிசையில் தனி ஆளுக்கு வயதுக்காக மட்டும் 110 வரை, முப்பது தொட்டதும் குறைய ஆரம்பித்து 45இல் பூஜ்யம். அதற்கு முந்தைய தகுதிச் சுற்றில் நூறுக்கு 67 வேண்டும். அதில் மாமா அங்கே குடியிருந்தால் 5 உண்டு. தரவரிசையில் உடன்பிறந்தவர் இருந்தால் 15, மாமாவுக்கு ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்லும் ஒரு தேர்வில் தேறினால் 5 புள்ளி தருகிறார்கள். நீ வீட்டில் பேசுகிற பேச்சுக்கு மதிப்புப் போடுகிற இடம் அது.

மத்தளம்பாறை சோகோ மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த உன் சிநேகிதனைப் பற்றியும் எழுதியிருந்தாய். அங்கே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து நிரல் எழுதப் பழக்குகிறார்கள். பட்டம் இல்லாததால் காம்பஸில் படிப்புக்கு அவனுக்கு 0. அதனால் மனு தள்ளுபடி ஆகாது, சம்பளத்திலும் மற்றதிலும் அந்த 40ஐ எடுத்துவிடலாம். என்னைக் கேட்டால், கையில் தொழில் இருக்கிற பையனை அளக்க இந்தக் கணக்குக்குத் தெரியவில்லை என்பேன்.

திருநெல்வேலியில் ஒரு ஏஜென்ட் "புள்ளி ஏற்றித் தருகிறேன்" என்று மூன்று லட்சம் கேட்டதாகச் சொன்னாயே, அந்தப் பக்கமே போகாதே. மனுப் போட வேண்டியது இங்குள்ள முதலாளி, அல்லது அவர் சார்பில் உரிமம் பெற்ற இங்குள்ள ஏஜென்சி. சான்றிதழை வெளி நிறுவனம் வைத்துச் சரிபார்க்கிறார்கள். பொய்ச் சான்றிதழ் என்று தெரிந்தால் பிறகு இந்த ஊரில் வேலையே பார்க்க முடியாது. இந்திய அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட்கூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம்.

கம்பெனிக்காரர்களிடம் கூச்சப்படாமல், "காம்பஸில் உங்கள் நிறுவனத்துக்கு எத்தனை?" என்று கேள். அவர்கள் மனிதவள அமைச்சின் தளத்தில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். மழுப்பினால் விட்டுவிடு. ஆஃபர் கடிதம் வந்தால் கையெழுத்துப் போடும் முன் சம்பளத்தையும் கம்பெனி பெயரையும் எனக்கு அனுப்பு. உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிறேன். அக்காவிடமும் இந்தக் கணக்கை நீயே நிதானமாகச் சொல்லு, நான் சொன்னால் தட்டிக்கழிப்பதாக நினைப்பாள்.

அன்புடன்,
மாமா