உப்பு வண்டியின் ஷாக்

போன வருடம் விழுப்புரத்தில் ஒரு கடையில் என் பழைய காருக்கு ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி வாங்கினேன். கறுப்பு பெயின்ட் பளபளத்தது. மூன்றே மாதம். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கினால் தொட்டில்தான். கழற்றிய மெக்கானிக் ஸ்பேனர் முனையால் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டினார். அடியில் துருவின் குழிகள். யாரோ கழற்றிப் போட்டதை எடுத்து எண்ணெய் மாற்றி, பெயின்ட் அடித்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். "இதையெல்லாம் தெரிஞ்சுக்கணும்னா திண்டிவனம் போங்க சார், உப்பு வண்டி வர்ற பட்டறையில போய் உக்காருங்க" என்றார் அவர்.

போய் உட்கார்ந்தேன். மரக்காணம் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை, முன்னால் வேப்பமரம். மரத்தடியில் ஒரு குட்டி யானை பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றுகிற வண்டி. சேசிஸில் துரு பக்கோடா மாதிரி பொரிந்திருந்தது.

"ஷாக் போச்சுன்னு எப்படிண்ணே கண்டுபிடிப்பீங்க?"

பட்டறை மெக்கானிக் பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துப் பின் டயரின்மேல் வைத்தார். "தடவுங்க." கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் உள்ளங்கைக்குத் தெரிந்தன. சக்கரம் சாலையை விட்டுத் துள்ளித் துள்ளி விழுந்தால் டயர் இப்படித்தான் திட்டுத் திட்டாகத் தேயும். பிறகு ஷாக்கைக் காட்டினார். எண்ணெய் கசிந்து, அதில் செம்மண் புழுதி அப்பியிருந்தது.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றியது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய பிறகு அது ஆடிக்கொண்டே இருக்குமே, அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், தடியின் முனையில் சிறு ஓட்டைகள் உள்ள பிஸ்டன். ஓட்டை வழியே எண்ணெய் நெருக்கியடித்துப் போகும்போது ஆட்டம் சூடாக மாறி வெளியேறிவிடுகிறது. வில்வண்டிக்கு இது தேவைப்படவில்லை, பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டத்தைத் தின்றுவிடும். கனத்த பட்டைக்கட்டு வைத்த பல லாரிகளின் பின்பக்கத்தில் இன்றைக்கும் ஷாக் இருக்காது.

"வலது பக்கம்தாண்ணே லீக்கு. அது ஒண்ணு மட்டும் மாத்திக் குடு" என்றார் டிரைவர்.

"ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல பழசு போட்டு நடப்பியா தம்பி? பிரேக் அடிச்சா ஒரு பக்கம் இழுக்கும். ரெண்டும் வாங்கிட்டு வா."

டிரைவர் கிளம்பியதும் நட்டோடு சண்டை தொடங்கியது. மெக்கானிக் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு டீ குடிக்கும் நேரம் விட்டார். ரிங் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்கினார்கள். நட்டு அசையவில்லை, அதன் முனைகள்தான் மழுங்கின. கடைசியில் உளி வைத்து நட்டையே பிளந்தார். உப்புக் காற்றுக்கு வேறு மருந்தில்லையாம். ஒட்டிக்கொண்ட புஷ்ஷைத் தட்டி எடுக்க அவர் வைத்திருந்த கம்பி மட்டும் துருவில்லாமல் மின்னியது. கேட்டேன். ஏதோ ஒரு பழைய ஷாக்கின் உள்தடியாம்.

புது ஷாக் காப்ரியேல் பெட்டியில் வந்தது. அமெரிக்காவில் கிளாட் ஃபாஸ்டர் என்பவர் புகைக்குழாய்க் காற்றில் பாடும் கார் ஹாரன் ஒன்றைச் செய்து, கொம்பூதும் தேவதூதரின் பெயரை அதற்கு வைத்தார். ஷாக் அப்புறம்தான். அந்தப் பெயர் 1961-இல் இந்தியக் கம்பெனிக்கு வந்து, இப்போது வேப்பமரத்தடியில் எண்ணெய்க் கையில் இருக்கிறது.

"அப்படியே மாட்டிடக் கூடாது சார். கடையில படுத்தே கிடந்திருக்கும், உள்ள காத்து சேர்ந்திருக்கும்." நிமிர்த்திப் பிடித்து என்னையே அமுக்கி இழுக்கச் சொன்னார். முதல் இரண்டு தடவை நடுவில் ஓரிடத்தில் பொசுக்கென்று இறங்கியது. ஐந்தாவது தடவை, நடவு வயலில் புதைந்த காலை இழுப்பது மாதிரி ஒரே சீரான கனம். கழற்றிய பழசைப் பட்டறைப் பையன் நீட்டினான். சைக்கிள் பம்பின் கனம்கூட அதில் இல்லை.

மாட்டியாகிவிட்டது என்று டிரைவர் சாவியை எடுத்தார். "இரு" என்று ஜாக்கியை இறக்கச் சொன்னார் மெக்கானிக். வண்டி நாலு சக்கரத்திலும் உட்கார்ந்த பிறகே, மல்லாந்து படுத்து உள்ளே போய்க் கடைசி முறுக்கு. அந்தரத்தில் முறுக்கினால், கீழே இறங்கும்போது புஷ்ஷின் ரப்பர் திருகிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். டிரைவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூலியை வாங்கிப் பையில் போட்டவர், கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கடியில் நுழைந்தார். மரைகளின்மேல் விரலால் கனமாகப் பூசினார்.

"இது எதுக்குண்ணே?"

"அடுத்து இதை எவன் கழட்டப்போறானோ, பாவம்."