வலி எவ்வளவு நேரம் நிற்கிறது?

ஆழமான சொத்தையில் பல்லின் மையத்தில் உள்ள நரம்பை நெருங்கியதும் டிரில்லை வைத்துவிட்டு, ஸ்பூன் எக்ஸ்கவேட்டர் என்ற கைக்கருவியை எடுப்பேன். மெஷினுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். ஈரமாகக் குழைந்து வருவது கிருமி மண்டிய பகுதி. அதற்கடியில் கொஞ்சம் உறுதியாக, சீவல் சீவலாக வருவது இன்னொன்று. நான் படித்த காலத்தில் இரண்டையும் மிச்சமின்றி எடுக்கச் சொன்னார்கள். இப்போது நரம்புக்கு நேர் மேலே உள்ள அந்த இரண்டாவது அடுக்கை விட்டுவிடுகிறோம். ஓரங்களைக் கெட்டியான பல் வரும்வரை சுத்தம் செய்து, எச்சில் புகாமல் அடைத்துவிட்டால், உள்ளே சிக்கிய கிருமிகளுக்கு உணவு கிடைக்காது. 2016-ல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்றும் இதையே பரிந்துரைத்தது.

இந்தத் துணிச்சலுக்கு அடித்தளம் 1965-ல் வெளியான ஓர் ஆய்வு. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் எலிகளின் பற்களில் நரம்பு வெளியே தெரியும்படி துளையிட்டார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளின் பற்கள் தாமாகவே ஆறின. துளையின் குறுக்கே புதிய பல்திசுகூட வளர்ந்தது. சாதாரண எலிகளின் பற்களோ சீழ்பிடித்துச் செத்தன. ஆக, நரம்பைக் கொல்வது கிருமி. அதை வெளியே நிறுத்திவிட்டால் பல்லுக்குத் தன்னைத் தேற்றிக்கொள்ளத் தெரியும்.

ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். தாம்பரத்தில் எங்கள் கிளினிக்கில் மாலையில்தான் கூட்டம். சென்னை பீச் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள், மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிஃப்ட் முடித்தவர்கள். "ரூட் கேனால் வேணுமா வேணாமான்னு இப்பவே சொல்லிடுங்க டாக்டர், மறுபடி லீவு கிடைக்காது" என்பார்கள். அன்றைக்கே சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். ஆழமான ஃபில்லிங்குக்குப் பிறகு சில நாள், சிலருக்குச் சில வாரம்கூட, பல் கூசும். கூச்சம் நாளுக்கு நாள் குறைகிறதா என்பதே முக்கியம்.

எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட, ஐஸ் வாட்டர் குடித்தால் எவ்வளவு நேரம் வலி நிற்கிறது என்றுதான் கேட்பேன். சுரீரென்று வந்து சில நொடியில் போய்விட்டால், நரம்பு பிழைக்க வாய்ப்பிருக்கிறது. அரை நிமிடம் தாண்டியும் நின்றால், எதுவும் படாமலே விண் விண்ணென்று தெறித்தால், தூக்கத்தில் எழுப்பினால், நரம்பு மீளாது. வீங்கிய திசு விரிய முடியாதபடி சுற்றிலும் கெட்டிச் சுவர். படுத்தால் தலைக்கு ரத்தம் கூடி அழுத்தம் ஏறும். அதனால்தான் அந்த வலி ராத்திரியில் மிரட்டுகிறது. சிலர் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வருவார்கள். ஒரு வாய் தண்ணீரைப் பல்லின் மேல் அடக்கி வைத்திருக்கும்வரை நிம்மதி. விழுங்கியதும் முகம் சுருங்கும், அடுத்த வாய்க்குக் கை போகும். அதைப் பார்த்தாலே போதும், ரூட் கேனாலுக்கு ஏற்பாடு செய்யலாம். அந்த நிலையில் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது வீண். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத நரம்பு வலியை அது குறைக்காது. முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாவிட்டால் அன்றே வந்தாக வேண்டும்.

கடிக்கும்போது மட்டும் வலித்தால் நான் பயப்படுவதில்லை. மரத்துப்போன வாயால் சரியாகக் கடித்துக்காட்ட முடியாது. ஃபில்லிங் ஒரு மயிரிழை உயர்ந்திருக்கலாம். நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாக மை ஒட்டிய இடத்தைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

என் கவலையெல்லாம், கடுமையாக வலித்துவிட்டுத் திடீரென்று அமைதியாகும் பல்லைப் பற்றித்தான். "தானா சரியாயிடுச்சு" என்று வராமலிருந்துவிடுவார்கள். நரம்பு செத்தாலும் வலி போய்விடும். மாதங்கள் கழித்து எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றிக் கறுப்பாகத் தெரியும். அதனால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆறு மாதத்தில் ஒருமுறையும் ஒரு வருடத்தில் ஒருமுறையும் வரச்சொல்லி, பல்லில் குளிர்ச்சி வைத்துப் பார்த்து, எக்ஸ்ரேயும் எடுக்கிறேன்.

ரூட் கேனால் செய்தாலும் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் வேண்டும், இல்லையேல் பிளந்துவிடும். செலவுக்குப் பயந்து, "பிடுங்கிடுங்க டாக்டர்" என்பவர்களிடம் கோட்டை ஸ்டேஷன் எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியைச் சொல்கிறேன். 1953-ல் தொடங்கிய கல்லூரி அது, அதே பீச் ரயிலிலேயே போய்விடலாம். ஃபில்லிங் போட்ட தேதி, சொத்தை எவ்வளவு ஆழம், குளிர்ச்சிக்குப் பல் எப்படிப் பதில் சொன்னது, மூன்றையும் எழுதி, எக்ஸ்ரேயோடு கையில் கொடுத்தனுப்புகிறேன்.